பூட்டின ரூமும் ரெபேக்காவும்

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது மேடம். நான் ரெண்டாந்தாரம். முதல் மனைவி இறந்து நாலு வருஷம் ஆச்சு. பழைய பெரிய வீடு, மாடியில அவங்க ரூம் பூட்டியே கிடக்கு. இவரோட அத்தை எதுக்கெடுத்தாலும் 'அவ இப்படி பண்ண மாட்டா'ன்னு சொல்றாங்க. ஃப்ரெண்ட் குடுத்த 'ரெபேக்கா' நாவலை பாதி படிச்சேன், அதுல இருந்து ராத்திரி தூக்கமே இல்ல. மேற்கொண்டு படிக்கவா, வேணாமா?

பதில்: படிங்கம்மா, ஆனா பகல்ல படிங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், டாஃப்னி டு மாரியே எழுதி 1938ல வெளிவந்த அந்த நாவல்ல கடைசி பக்கம் வரைக்கும் பேயே வராது. ரெபேக்காங்கறது இறந்துபோன முதல் மனைவி, கதை சொல்றது உங்களை மாதிரியே ரெண்டாந்தாரமா அந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு. பயம் பெரும்பாலும் அந்தப் பொண்ணு மனசுல தானா கட்டிக்கிட்டதுதான். பழைய ரெயின்கோட் பாக்கெட்டுல ஒரு கைக்குட்டை, சாய்ஞ்ச கையெழுத்துல உயரமா ஒரு 'ஆர்', இதையெல்லாம் சேர்த்து சேர்த்து ஒரு முழு ரெபேக்காவை அவளே உண்டாக்கிடறா. போன் அடிச்சா எடுத்து 'மிஸஸ் டி வின்டர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு'ன்னு சொல்றாளே, இப்ப அந்த மிஸஸ் டி வின்டரே அவதான்! பீங்கான் பொம்மையை உடைச்சிட்டு வேலைக்காரங்களுக்கு பயந்து துண்டுகளை டிராயர்ல ஒளிச்சு வைக்கற இடம் வந்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, சொந்த வீட்டுல ஒருத்தி இப்படியா இருக்கணும்.

அவளுக்கு 21 வயசு, அவ புருஷனுக்கு 42. அவளுக்கு கேக்க பயம், அவரும் வாயைத் திறக்க மாட்டார். நான் அவரைத்தான் அதிகமா குத்தம் சொல்லுவேன்.

இன்னொண்ணு, எழுதினவங்களுக்கே இந்த வேதனை இருந்திருக்கு. கணவருக்கு முன்னாடி வேற ஒரு பொண்ணோட நிச்சயம் ஆகியிருந்தது, அந்தப் பொண்ணு எழுதின லெட்டர்ஸைப் பாத்து இவங்க மனசு ரொம்ப புழுங்கியிருக்காங்க. கணவர் ராணுவ ஆபீசர், அவரோட எகிப்துல அலெக்சாண்ட்ரியாவுக்குப் போய், 1937ல அந்த வெயில்ல இங்கிலாந்துல இருக்கற கார்ன்வாலை நினைச்சு ஏங்கிக்கிட்டேதான் இந்தக் கதையை ஆரம்பிச்சாங்க. அதனால இப்படி தோணுதேன்னு நீங்க வெக்கப்பட ஒண்ணுமில்ல. கதையில வர்ற மாண்டர்லிங்கற பெரிய வீட்டுக்கு முன்மாதிரி கார்ன்வால்ல இருக்கற மெனாபில்லி, கொடி படர்ந்து பூட்டிக் கிடந்த வீடு. 1943ல அதையே வாடகைக்கு எடுத்து 1969 வரைக்கும் அங்கயே வாழ்ந்தாங்க.

அத்தையை, நாவல்ல அந்த வீட்டு நிர்வாகத்தைப் பாத்துக்கற மிஸஸ் டான்வர்ஸா நினைச்சுடாதீங்க. டான்வர்ஸ் திட்டம் போட்டு அந்தப் பொண்ணை நோகடிக்கறவ, உங்க அத்தை மருமகளைப் பறிகொடுத்த துக்கத்துல பேசறவங்களா இருக்கலாம். 'அவங்க எப்படி செய்வாங்க, சொல்லித்தாங்க'ன்னு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கேட்டுப் பாருங்களேன்.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், அவங்க பேரே அதுல இல்ல. நாவல்ல உயிரோட இருக்கற மனைவிக்குத்தான் பேர் கிடையாது, உங்க வீட்டுல இறந்துபோனவங்களுக்கு இல்லாம போயிருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை காபி குடிக்கறப்ப அவங்க பேரைச் சொல்லி, அவங்களுக்கு என்ன பிடிக்கும், கடைசி நாள்ல எப்படி இருந்தாங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க. அவர் அழுதா அழட்டும். அப்புறம் ரெண்டு பேருமா மாடிக்குப் போய் அந்த ரூம் ஜன்னலைத் திறந்து விடுங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.