யாரும் கை வைக்கவில்லையே (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெண்மணி இருக்கிறார். கொரோனா தொடங்கிய மாதங்களில் மளிகைக் கடை வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போவாராம். ஒருநாள் ஒருவர் "உன் ஊருக்கே போ" என்று கத்தியிருக்கிறார். இன்றுவரை அவர் தனியாகக் கடைக்குப் போவதில்லை. "யாரும் கை வைக்கவில்லையே, இதைப் போய் இனவெறி என்பதா?" என்கிறார் என் கணவர்.

சுதா

அன்புள்ள சுதா,

இனவெறிதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆசியர்களுக்கு எதிரான வெறுப்பைப் பதிவு செய்ய 2020 மார்ச்சில் அமெரிக்காவில் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 2021 பிப்ரவரி முடிய அதற்கு வந்த புகார்கள் 3,795. ஐந்தில் இரண்டுக்கு மேல் சீனர்களுடையவை. பெண்கள் கொடுத்தவை ஆண்கள் கொடுத்தவற்றைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். திருப்பிக் கேட்கமாட்டாள் என்ற துணிச்சல்தான் காரணம் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவை வசவுகள், அப்புறம் ஒதுக்கி விலகுவது. உடல்ரீதியான தாக்குதல் ஒன்பதில் ஒன்றுதான். உங்கள் கணவர் சொல்வதுபோல் கை வைத்ததை மட்டும் எண்ணினால், மீதி எட்டுப் பங்கு கணக்கிலேயே வராது.

முகக்கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசு பொதுமக்களை முகத்தை மூடச் சொன்னது 2020 ஏப்ரல் 3 அன்றுதான். அதற்கு முன்பு முகக்கவசத்தோடு போன சீனப் பெண்ணை நோயாளி என்று பார்த்தார்கள். போடாமல் போனாலோ, கிருமி பரப்புகிறாள் என்றார்கள். தொண்டை கரகரத்தாலும் இருமலை விழுங்கிக்கொண்டு, பாதிச் சாமானோடு பில் போட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பால் வாங்கப் போகிறவருக்கு இது ஒருநாள் கதை இல்லையே.

இது கொரோனாவோடு வந்ததும் இல்லை. 1875இல் அமெரிக்காவில் வந்த பேஜ் சட்டம், சீனப் பெண்களைப் பாலியல் தொழிலுக்கு வருகிறவர்களாகச் சந்தேகித்தே கப்பலேறும் முன் விசாரிக்க வைத்தது. 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் பயம் வந்தபோது சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன் பகுதியைச் சுற்றி அடைத்தார்கள். அதே பகுதியில் இருந்த வெள்ளையர் கட்டடங்களை மட்டும் விட்டுவிட்டு வளைத்தார்கள்! அது பாரபட்சம் என்று அந்த ஜூனிலேயே நீதிமன்றம் தடுத்தது. நோய்க்கு ஒரு முகத்தை ஒட்டும் பழக்கம் அங்கே அவ்வளவு பழையது.

நீங்கள் அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது அவர் வீட்டுக் கதவைத் தட்டி, சேர்ந்து போகலாமா என்று கேளுங்கள். உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள்.