மேலதிக அவசரப் பொதி பைக்குள் அன்று, உடலில் இருக்க வேண்டும்

"காட்டுக்குச் செல்லும்போது பையில் எல்லாம் இருக்கையில் இன்னொரு அவசரப் பொதி எதற்கு, வீண் சுமையல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விடுமுறைக்கு நண்பர்களுடன் புறப்படுபவர் என எண்ணுகிறேன். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் மாடு வளர்க்கும் குடும்பத்தவன். காலபோகம் எனும் மாரிக்கால நெல் விதைப்புத் தொடங்கியதும் மாடுகளைக் காட்டோரம் சாய்த்துச் செல்வது எங்கள் வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேலதிகப் பொதி அவசியம், ஆனால் அது பையில் இருந்தால் பயனில்லை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய நாட்களில், பிரிந்துபோன மாடுகளைத் தேடி மாமாவும் நானும் உள்ளே சென்றிருந்தோம். காலையில் முழங்காலளவு நீரில் கடந்த ஓடை பிற்பகலில் ஆளை இழுக்கும் வேகத்தில் பாய்ந்தது. மோட்டார் சைக்கிளும், சாப்பாடு, தறப்பாள், ரோச் லைற் யாவும் அடங்கிய பையும் மறுகரையில் இருந்தன. கைபேசிக்குச் சிக்னல் இல்லை. மாமா இடுப்புப் பட்டியில் கட்டியிருந்த பொலித்தீன் பொதியை அவிழ்த்தார். லைட்டர், விரல் நீளத்துக்கு வெட்டிய சைக்கிள் ரியூப் துண்டுகள், சிறிய ரோச், விசில், நைலோன் கயிறு, பனங்கட்டி, ஆள் நுழையக்கூடிய பெரிய குப்பைப் பை ஒன்று ஆகியவையே அதில் இருந்தன. ரியூப் துண்டை மாமா சட்டையில் துடைத்துப் பற்றவைத்தபோது, அது கரும்புகையுடன் நின்று எரிந்தது. நனைந்த சுள்ளிகளின் பட்டையைச் சீவி, உள்ளிருந்த காய்ந்த பகுதியை அதன்மேல் அடுக்கினோம். யானை தண்ணீருக்கு வரும் வழியை விட்டு விலகி, மேட்டில் அந்த இரவைக் கழித்தோம்.

மாமா 2009 வரை பல தடவை இடம்பெயர்ந்தவர். பெரிய பைகள் வழியிலேயே கைவிடப்பட்டன. இடுப்பில் கட்டியவைதான் மிஞ்சின. அம்மா அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் காத்ததும் அப்படித்தான். எதற்கெடுத்தாலும் போரை இழுப்பதாகச் சிலர் எழுதக்கூடும். இப்பழக்கம் அங்கிருந்துதான் வந்தது என்பதை என்னால் மறைத்து எழுத இயலாது.

இணையத்தில் விற்கும் பெட்டிகளைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அவற்றில் சிலவற்றில் பாம்புக்கடி நஞ்சை உறிஞ்சும் கருவி இருக்கிறது. அதை நம்ப வேண்டாம்; கடிவாயை வெட்டுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, இலங்கையில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அழைக்கச் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதைப் போகும் வழியிலேயே கவனித்து வையுங்கள். விறகு பொறுக்க மாடு நடந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை.

ரோச்சின் பற்றரியைப் பொதியில் கழற்றி வையுங்கள், இல்லையேல் ஈரத்தில் கசிந்து ரோச்சையே கெடுத்துவிடும். ஆண்டுதோறும் புரட்டாதியில், மழை பிடிப்பதற்கு முன், பற்றரியையும் லைட்டரையும் மாற்றிவிடுங்கள்.