பன்னிரண்டு மணி டேட்டா

கேள்வி: மகனுக்கு 15 வயது. அடுத்தது சாதாரண தரப் பரீட்சை. இரவு 10 மணிக்கே படுக்கிறான், ஆனால் காலையில் எழுப்ப முடியவில்லை. வகுப்பில் தூங்கி விழுகிறானாம். டிக்டொக்தான் காரணமோ?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் வீட்டு இணையப் பக்கேஜைப் பாருங்கள். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு மட்டும் பாவிக்கத் தனி டேட்டா தரும் பக்கேஜ்கள் இலங்கையில் உண்டு. பகலில் சிக்கனம் பிடிக்கும் பிள்ளை அந்த நேரத்துக்காக விழித்திருக்கலாம். அதன்பிறகு நிறுத்துவது கடினம். டிக்டொக்கில் எந்தக் காணொளியில் எத்தனை நொடி தங்கினான் என்பதையும் பார்த்தே அடுத்தது வருகிறது. பத்தில் ஒன்று பிடித்துவிட்டால் போதும், அதைப்போல இன்னொன்றைத் தேடி விரல் தள்ளிக்கொண்டே போகும்.

ரவுட்டரில் அவனுடைய போனுக்கு மட்டும் இரவு 10 முதல் காலை 5 வரை இணைப்பை நிறுத்தலாம். ஆனால் வைஃபை அமைப்பில் மெக் முகவரியை, அதாவது ரவுட்டர் போனை அடையாளம் காணும் எண்ணை, மாற்றிவிட்டால், ரவுட்டர் அதைப் புதுப் போன் என்று எண்ணி உள்ளே விட்டுவிடும். இது அவனுக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம்! சிம்மில் டேட்டா இருந்தால் ரவுட்டர் பூட்டே வீண். ஆகவே இரவில் போன் ஹோலில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் கூடவே. அலாரத்துக்கு வேண்டும் என்பான். ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள்.

கணக்கில் போட்ட பிறந்த ஆண்டையும் பாருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிக்டொக் 2023 முதல் நாளுக்கு 60 நிமிட எல்லையைத் தானாகவே வைக்கிறது. 2000 என்று பொய்யாகப் போட்டிருந்தால் அது வராது. சரியாகப் போட்டிருந்தாலும் கடவு எண்ணை அடித்துத் தாண்டலாம். அந்த 60 நிமிடத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

போனை ஒரேயடியாகப் பறிக்க வேண்டாம். ரியூசன் வட்ஸ்அப் குழுவும் அதில்தானே இருக்கிறது.

கேள்வி: 16 வயது மகளின் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரிடமும் சொல்லி ரிப்போர்ட் அடிக்கவா?
- ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கணக்கு நீங்கினால் சாட்சியும் அதோடு போய்விடும். முதலில் முகப்புப் பக்கத்தின் இணைப்பைப் பிரதி எடுத்து, திகதியும் நேரமும் தெரியத் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அந்த ஆளுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். பிறகு ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் ரிப்போர்ட் செய்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.