பரம்பரைத் தஞ்சாவூர்ப் படத்தை ஏலத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து எங்கள் காரைக்குடி வீட்டில் ஒரு தஞ்சாவூர்ப் படம் (வெண்ணெய்க் கிருஷ்ணன்) இருக்கிறது. பூஜை அறையில் பழைய ரவிவர்மா சரஸ்வதி படமும் உண்டு. அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் ஓவிய ஏலத்தில் இரண்டையும் வைத்துத் தருவதாகத் தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். சான்றிதழுக்கு ரூ.25,000 முன்பணம் கேட்கிறார். தஞ்சாவூர்ப் படத்தில் மங்கிய தங்கத்தைப் புதுப்பித்தால் விலை கூடும் என்று இப்போதே எடுத்துப்போக நிற்கிறார். ரவிவர்மா படத்துக்கு வெளிநாட்டு ஆள் தயாராம். கொடுக்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஏலத்துக்குக் கொடுக்கலாம். இவரிடம் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்த அவசரத்தைப் பாருங்கள். ஏல நிறுவனங்கள் விற்பனைக்குச் சில வாரங்கள் முன்பே கேட்லாக்கை, அதாவது ஏலத்துக்கு வரும் படங்களின் பட்டியலை, வெளியிட்டுவிடும். அதற்கும் முன்னால் படத்தைப் பார்த்து, வரலாறு விசாரித்து, போட்டோ எடுத்து, உத்தேச விலை போட வேண்டும். அடுத்த மாத ஏலத்துக்கு இன்றைக்கு ஒருவர் வீட்டு வாசலில் நின்று படம் கேட்கிறார் என்றால், பெரும்பாலும் அந்த ஏலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது. அடுத்த ஏலம் வரும், காத்திருக்கலாம்.

சான்றிதழ் விஷயமும் இதே கதைதான். எந்த நல்ல ஏல நிறுவனமும் புரோக்கர் வாங்கி வரும் தாளை நம்பி உங்கள் படத்தைக் கேட்லாக்கில் போடாது. அவர்களுடைய ஆட்களே பார்ப்பார்கள். போட்டோ அனுப்பினால் எடுக்கலாமா, வேண்டாமா என்று முதல் கருத்தைப் பெரும்பாலும் காசு வாங்காமலே சொல்லிவிடுவார்கள். விற்ற பிறகு வரும் கமிஷன்தான் அவர்கள் பிழைப்பு. முன்பணம் கேட்பவருக்குப் படம் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்தது புதுப்பிக்கும் பேச்சு. இதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. பழைய தஞ்சாவூர்ப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து நகைகளையும் தூண்களையும் மேடாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டியிருப்பார்கள். பல தலைமுறை கழித்து அந்த ரேக்கில் மெல்லிய வெடிப்பு ஓடும், கண்ணாடிக் கற்களின் பளபளப்பு அடங்கும். விவரம் தெரிந்தவர் தேடுவது அதைத்தான். புது ரேக்கு ஒட்டிவிட்டால் கடையில் விற்கும் புதுப் படத்துக்கும் உங்களுடையதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. அந்தப் பசை தண்ணீரில் இளகும்.

படத்தின் பிரேமையும் கழற்ற வேண்டாம். வாங்க வருபவர் படத்தைக் கையில் எடுத்ததும் செய்கிற முதல் வேலை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது. பலகையின் நிறம், துருவேறிய ஆணி, பாதி கிழிந்த பிரேம் கடைச் சீட்டு, பென்சிலில் கிறுக்கிய ஒரு பெயர் எல்லாம் வயதுக்குச் சாட்சி. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒன்று, அளவு நாடாவை வைத்து ஒன்று என்று போட்டோ எடுங்கள். அந்தப் படத்தோடு யாராவது நிற்கும் பழைய குடும்ப போட்டோ இருந்தால் அது ரூ.25,000 சான்றிதழைவிட மேல்.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு வருஷம் தாண்டிய ஓவியம் தொல்பொருள். பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வந்தவரிடம் உரிமத்தின் நகலைக் கேளுங்கள், அதோடு பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வீட்டில் தாத்தா படம் மாட்டியிருக்கும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கடமை உண்டென்று இத்தனை வருஷமாக யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொந்தமாக விசாரித்துப் போகிறவர்கள் எந்த அலுவலகம், எந்த மேசை என்று அலைகிறார்கள். புரோக்கர்கள் வளர்வதே இந்த இடைவெளியில்தான். பதிந்தால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்று அவர்கள் மிரட்டுவதை நம்பாதீர்கள். பதிவதால் சொத்து கை மாறுவதில்லை. இத்தனை நாள் ஏன் பதியவில்லை என்று கேட்டால், பரம்பரையாக வீட்டில் இருந்தது, சட்டம் தெரியாது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள்.

ரவிவர்மா படத்துக்கு வருகிறேன். இதில் நிறையப் பேர் ஏமாறுவதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை நம் அரசு கலைக் கருவூலம் என்று அறிவித்திருக்கிறது. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், தாகூர் குடும்பத்தில் மூவர், நிக்கலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி. இவற்றை நாட்டுக்குள் தாராளமாக விற்கலாம், வாங்கலாம். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவிவர்மா 1906இல் காலமானவர். ஆக அவர் கைப்பட வரைந்தது எதுவானாலும் நூறு வருஷத்தையும் தாண்டிவிட்டது, பதிவும் வேண்டும்.

ஆனால் பூஜை அறைகளில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே அச்சுப் படங்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலும், அது பிறகு லோணாவாலா பக்கம் போன பின்பும் ஏராளமாக அச்சடித்தார்கள். எண்ணெய் ஓவியம் போலத் தெரிய வேண்டும் என்று மேலே வார்னிஷ் பூசியதும் உண்டு. கையெழுத்து இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அதுவும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஒரு பூதக்கண்ணாடியால் சரஸ்வதியின் கன்னத்தைப் பாருங்கள். நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கலாம். பிரேம் போடும்போது அதை வெட்டியும் இருப்பார்கள். அச்சுப் படத்துக்கும் வாங்க ஆள் உண்டு, ஓரம் வெட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கோடிப் பேச்சுக்கு இடமில்லை. 2023இல் டெல்லி ஏலம் ஒன்றில் ஷெர்கில் ஓவியம் 61.8 கோடிக்குப் போனது. அப்படி ஒரு செய்தி வந்தால் போதும், அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டு ஆள் என்ற பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நூறு வருஷம் தாண்டிய அச்சுப் படமும் அனுப்பக் கூடாத பொருள்தான். அச்சு எந்த வருஷம் என்பதைத் தொல்லியல் துறை சொல்லட்டும், புரோக்கர் சொல்ல வேண்டாம். சட்டத்தை மீறி ஏற்றுமதி செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை.

சரி, நேராக ஏல நிறுவனத்திடமே கொடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற தொகை, எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 4 லட்சம் பெறும் படத்தை ஒரே ஒரு ஆள் 40,000 கேட்டு எடுத்துப்போக முடியும். அந்த ஒரே ஆள் சில சமயம் படத்தைக் கொண்டுவந்த புரோக்கரின் ஆளாகவே இருப்பார். அடிமாட்டு விலைக்குப் போன பரம்பரைப் படங்கள் பல இப்படித்தான் போயின.

ஏலத்தில் 4 லட்சத்துக்குப் போனால் 4 லட்சமும் கைக்கு வராது. நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால் 40,000. போட்டோ, இன்சூரன்ஸ், வண்டிக்கூலி 15,000 என்றால் மிச்சம் 3,45,000. ஏல விலைக்கு மேல் வாங்குபவர் தனியாகக் கட்டும் கட்டணம் (பிரீமியம்) நிறுவனத்துக்குப் போகிறது. விலை போகாவிட்டால் திரும்பக் கொண்டுவரும் செலவு யாருடையது, எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு ஏலத்தில் விலை போகாத படத்தை உடனே இன்னொன்றில் வைத்தால் வாங்குபவர்கள் யோசிப்பார்கள், அதனால் ரிசர்வைப் பேராசையில் ஏற்றவும் வேண்டாம்.

வருமான வரி உண்டு. ஓவியம் சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்கில் வராது. லாபத்துக்கு 12.5 சதவீதம்; 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம், அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்குங்கள்.

படம் கொள்ளுத்தாத்தாவுடையது என்கிறீர்கள். பாகப் பிரிவினைப் பத்திரத்தில் அது யார் பேரில் வந்தது என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் பங்காளிகள் எல்லோருடைய சம்மதத்தையும் ஏலத்துக்கு முன்பே கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். கேட்லாக் வெளியான பிறகு ஒருவர் ஆட்சேபித்தால் நிறுவனம் படத்தை விலக்கிவிட்டு, அதற்கான கட்டணத்தையும் உங்களிடமே கேட்கும்.