டிஎன் வண்டிய வேற ஸ்டேட்ல ஓட்டுறீங்களா? உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: சென்னைல வாங்குன கார், இப்போ வேலை பெங்களூர்ல. உடனே நம்பர் மாத்தணுமா?

உடனே வேணாம். மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவுப்படி வண்டி வேற ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல இருந்தாதான் புது நம்பர் வாங்கணும். ஆனா வழில மடக்குனா எப்ப வந்தீங்கன்னு கேப்பாங்க, அதனால ஆபீஸ் ஜாயினிங் லெட்டர், வாடகை அக்ரிமெண்ட்னு தேதி போட்ட எதாவது ஒண்ணு வண்டிலயே கிடக்கட்டும்.

கேள்வி: டிஎன் நம்பர்ல போட்ட இன்சூரன்ஸ் இங்க செல்லுமா?

தாராளமா செல்லும், பாலிசி இந்தியா முழுக்கத்தான். நம்பர் மாறுனதும் மட்டும் புது ஆர்சி காப்பி அனுப்பி பாலிசிலயும் மாத்திடுங்க, இல்லன்னா கிளைம் அன்னிக்கு இழுத்தடிப்பாங்க.

கேள்வி: என்ஓசி வாங்க என்னென்ன வேணும்?

என்ஓசின்னா வண்டிய வேற ஸ்டேட்டுக்கு மாத்த பழைய ஆர்டிஓ கொடுக்குற தடையில்லா சான்று, பாதி பேர் மாட்டிக்கிறது இங்கதான். அதுக்கான விண்ணப்பம் ஃபார்ம் 28, ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட், லோன் இருந்தா பேங்க் சம்மதக் கடிதம், பழைய சலான் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. ஃபார்ம்ல சேசிஸ் நம்பரை (வண்டி அடிச்சட்டத்துல பொறிச்சிருக்க நம்பர்) பென்சிலால தேய்ச்சு அச்சு எடுத்து ஒட்டணும், அதுக்கு வண்டி பக்கத்துல இருக்கணும்ல, அதனால ஊர விட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே இத முடிச்சிடுங்க, அங்க போய் உக்காந்துகிட்டு இங்க ஆள் தேடாதீங்க. புது ஊர் ஆர்டிஓல புது நம்பர் கேக்குற ஃபார்ம் 27 கொடுத்து, வண்டி வயசுக்கு ஏத்த டாக்ஸ் கட்டி, புது ஆர்சி வந்த பிறகு பழைய ஆர்டிஓல மொத்தமா கட்டின லைஃப் டாக்ஸ் மிச்சத்தை ரீஃபண்ட் கேளுங்க. பொறுமை வேணும்.

கேள்வி: பிஎச் நம்பர் எனக்கு கிடைக்குமா?

பிஎச்ன்னா பாரத் சீரிஸ், ஸ்டேட் மாறினாலும் நம்பர் மாத்தத் தேவையில்லாதது, 2021ல வந்தது. அரசு வேலைல இருக்கணும், இல்ல உங்க கம்பெனிக்கு நாலு ஸ்டேட்லயாவது ஆபீஸ் இருக்கணும். டாக்ஸ் ரெண்டு ரெண்டு வருஷமா கட்டலாம். அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகுறவங்களுக்கு இதுதான் என் சாய்ஸ், ஒரே ஊர்ல இருக்கவங்களுக்கு தேவையில்ல.

கேள்வி: கேரளா வண்டி செகண்ட்ஸ்ல வாங்குனேன், இன்சூரன்ஸ் பழைய ஓனர் பேர்ல இருக்கு, ஒரு வருஷம் ஓடும். அப்படியே விடலாமா?

விடாதீங்க. தேர்ட் பார்ட்டி கவர், அதாவது அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான கவர், தானா உங்களுக்கு வந்துடும், ஆனா உங்க வண்டி அடிபட்டா கிளைம் கேக்க பாலிசி உங்க பேர்ல இருக்கணும், அதுக்கு வண்டி கைமாறுன 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கணும். அவரோட நோ கிளைம் போனஸ் (கிளைம் கேக்காததுக்கு பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோட போறது, வண்டியோட இல்ல. அந்த வித்தியாசப் பணத்தைக் கட்டச் சொல்வாங்க, கட்டிடுங்க.