வீட்டுக்காரர் கடனைக் கட்டவில்லை என்றால் வாடகைக்கு இருப்பவர் உடனே காலி செய்ய வேண்டுமா?

அமெரிக்காவில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, உடனே வெளியேற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பதறிப்போய் பெட்டி கட்டாதீர்கள்.

இதற்கென்றே ஒரு கூட்டாட்சிச் சட்டம் 2009-ல் வந்தது. 2014 முடிவில் காலாவதியாகி, 2018-ல் நிரந்தரமாகத் திரும்பியது. ஏலத்தில் வீட்டை எடுப்பவர், அது வங்கியே ஆனாலும், உங்களுக்குக் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இன்னும் 7 மாதம் பாக்கி என்றால் அந்த 7 மாதமும் இருக்கலாம். வாங்கியவர் தானே குடிவருவதாக இருந்தால் மட்டும் 90 நாளில் காலி செய்யச் சொல்லலாம். நீங்கள் கடன் வாங்கிய வீட்டுக்காரரின் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோராக இருந்தால் இது பொருந்தாது. சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைந்த வாடகையும் சிக்கல்தான்.

பலர் சறுக்குவது வாடகையில். ‘வீடே போகப் போகிறது, எதற்குக் கட்ட வேண்டும்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் அதையே காரணம் காட்டி வழக்குப் போடுவார்கள். வீடு வேறொருவர் பெயருக்கு மாறும்வரை பழைய உரிமையாளருக்கே கட்டுங்கள். மாறியபின் யாராவது வந்து கேட்டால், உரிமைக்கான ஆதாரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

சீக்கிரம் போனால் பணம் தருகிறோம் என்று வீட்டை எடுத்தவர்கள் சொல்லலாம். ஏற்பது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை. சில மாநிலங்களில் இதைவிடக் கூடுதல் பாதுகாப்பும் உண்டு. உள்ளூர் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள்.