கோழி வளர்ப்பு கேள்வி பதில்: இன்குபேட்டரில் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். தோட்டத்தில் இருந்தபோது அம்மா கூடையில் சாக்கு விரித்து அடை வைப்பார். இப்போது சுங்கை சிப்புட்டில் தாமான் வீடு, அடைக்கோழி இல்லை, அதனால் காற்றாடி வைத்த சின்ன இன்குபேட்டர், அதாவது குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். வெப்பம் 37.5 டிகிரியிலேயே நின்றது, தண்ணீர்த் தட்டை ஒரு நாளும் காயவிட்டதில்லை. 7ஆம் நாள் டார்ச் லைட் அடித்தபோது நன்றாக நரம்பு ஓடியிருந்தது. ஆனால் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சு, உடம்பெல்லாம் நனைந்து, உள்ளேயே செத்துக் கிடக்கிறது. மனசே கேட்கவில்லை. எங்கே தவறு?

பதில்: தங்கச்சி, அந்தத் தண்ணீர்த் தட்டில்தான். நீங்கள் அக்கறையில்லாமல் விட்டதால் வந்ததல்ல இது.

முட்டை ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் நாளுக்கு நாள் கொஞ்சம் வெளியே போகவேண்டும். போனால்தான் முட்டையின் அகலமான பக்கத்தில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன்னால் அந்தக் காற்றறைக்குள் அலகை நுழைத்து, அங்கேதான் நுரையீரலால் முதல் மூச்சு விடுகிறது. பெட்டிக்குள் ஈரம் கூடிப்போனால் நீர் வெளியேறாது, காற்றறை சின்னதாகவே நின்றுவிடும், குஞ்சு உடம்பைத் திருப்பவும் இடமில்லாமல் மூச்சுக்கும் காற்றில்லாமல் அந்தக் கடைசி இரண்டு நாளில் போய்விடும். திருப்பாமல் விட்ட முட்டையிலும் குஞ்சு கடைசியில் சாகும்தான், ஆனால் நனைந்து கிடந்தது என்றால் நான் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன்.

கையேட்டில் ஊற்றச் சொல்லியிருக்கிறதே என்பீர்கள். அந்தக் கணக்கு காய்ந்த காற்று உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். நம் வீட்டுக்குள் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே காற்றைப் பெட்டி 37.5 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஈரப்பதம் தானாகவே ஏறக்குறைய 47 விழுக்காட்டுக்கு இறங்கும். முதல் 18 நாளுக்குத் தேவையானதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், சுமார் 50. அதாவது ஏர்கோன் இல்லாத அறையில் பெரும்பாலான நாள் தட்டு காய்ந்தே இருக்கலாம், 40க்குக் கீழே போனால் மட்டும் கொஞ்சம் ஊற்றினால் போதும். ஏர்கோன் ஓடும் அறை என்றால் கதை வேறு, அங்கே காற்று காய்ந்திருக்கும், தண்ணீர் வேண்டும்.

பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், தனியாக ஒரு ஈரமானி வாங்கி முட்டைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. அடை வைக்கும் அன்று முட்டையை நிறுத்துப் பென்சிலால் ஓட்டின்மேல் எழுதுங்கள். 50 கிராம் முட்டை 18ஆம் நாள் 44 கிராம் பக்கம் வந்திருக்க வேண்டும். 47லேயே நிற்கிறது என்றால் ஈரம் அதிகம். வாரம் ஒரு தரம் நிறுத்தால் போதும், வழியிலேயே தெரிந்துவிடும்.

18ஆம் நாள் எல்லாம் மாறும். முட்டை திருப்புவதை நிறுத்துங்கள், அதுவரை ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று தடவை திருப்பியிருக்க வேண்டும். இப்போதுதான் தட்டு நிறையத் தண்ணீர், 65 முதல் 70 விழுக்காடு வரை. கொத்தும் நேரத்தில் உள்சவ்வு காய்ந்தால் குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும், அதற்காகத்தான்.

இன்னொரு முறை வையுங்கள் தங்கச்சி. நரம்பு ஓடிய முட்டை கிடைக்கிறது, வெப்பமும் நிற்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

கேள்வி: பசாரில் வாங்கும் முட்டையை வைத்தால் பொரிக்குமா?

பதில்: பண்ணை முட்டையா, பொரிக்காது, அந்தக் கோழிகளோடு சேவலே இருக்காது. கம்பத்துக் கோழி முட்டையாக, சேவல் மேயும் வீட்டில் கேட்டு வாங்குங்கள். இட்டு ஒரு வாரத்துக்குள் வைத்துவிட வேண்டும். கழுவக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது, கூர்முனை கீழே இருக்கட்டும்.

கேள்வி: சாயங்கால மழையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. முட்டைகள் 10ஆம் நாளில் இருக்கின்றன. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், போடாதீர்கள். அடைக்கோழியே தீனிக்கு இறங்கி முட்டையைக் கொஞ்ச நேரம் ஆறவிடும். மூன்று மணி நேரம் அதைவிட அதிகம்தான், இருந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அடுத்த முறை மூடியைத் திறக்காமல் பெட்டிமேல் கனமான போர்வை போடுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காமல். நாலைந்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், அசைந்தால் உயிர் இருக்கிறது. ஒரு நாள் தாமதமாகப் பொரிக்கலாம். எனக்குக் குளிரைவிடச் சூடுதான் பயம். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் விழும் ஜன்னலோரம் பெட்டியை வைத்து 40 டிகிரி தாண்டிவிட்டால் சில மணி நேரத்திலேயே எல்லாம் போய்விடும்.

கேள்வி: காலையிலேயே ஓட்டை விழுந்துவிட்டது, குஞ்சு கத்துகிறது, இன்னும் வரவில்லை. நாமே உரித்துவிடலாமா?

பதில்: உரிக்காதீர்கள். முதல் ஓட்டைக்கும் குஞ்சு வெளியே வருவதற்கும் நடுவில் 12 மணி நேரம் ஆகும், 24 மணி நேரமும் ஆகும். அந்த நேரத்தில் அது சவ்வில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டும், மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. நீங்கள் கையை வைத்தால் ரத்தம் கசியும். மூடியைத் திறந்தாலே ஈரம் போய்ப் பக்கத்து முட்டைகளும் கெடும். வெளியே வந்த குஞ்சையும் பஞ்சு மாதிரி காயும்வரை உள்ளேயே விடுங்கள், மஞ்சள் கரு வயிற்றில் இருக்கும்வரை இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும். அதற்குள் ஒரு அட்டைப்பெட்டியில் பல்பு தொங்கவிட்டு 35 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள், தண்ணீர் வைக்கும் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும்.